சூரை சாய்ந்து கிடந்த பிற்பகல்

மன்னரை வாழ்த்தி வாழ்த்தியே வறண்டுபோன தமிழே, இன்றேனும் இடம் மாறி நில்! மணிமுடி தரித்தோரை மறந்து, முழங்கால்வரை ரப்பர் காலணி தரித்து, உப்புநீரில் ஊறிச் சுருங்கிய விரல்களோடு, கண்ணாடித் தொட்டியே களமாக, குறிப்பேடே கேடயமாக, மூன்றாண்டு காலம் முதுகு நிமிராது போரிட்ட கடல் உயிரியலாளரை, இரட்டைப் பிள்ளைகளின் தாயை, இணையிலா ஆய்வுத் தலைவியை வாழ்த்து!

அவரை எதிர்த்து நின்ற பகைவன் யார்? இரண்டு முழச் சூரை மீன்! ஆழியின் அம்பு, பிறைவாலன், துடுப்புகளை உடற்பள்ளத்தில் மடித்தொளித்து அலைகிழித்தேகும் நெடுங்கடலோடி, குளிர்நீர் சூழ்ந்தபோதும் தசைச்சூடு தணியாத தணலுடம்பன், நீந்துவது நின்றால் செவுளில் நீரோட்டம் நிற்கும், நீரோட்டம் நின்றால் மூச்சு நிற்கும் என்பதால், பிறந்த நொடி முதல் ஓய்வென்பதே அறியாத உழைப்பாளி. இம்மீனுக்கு ஓய்வு கிடையாது என்று நூற்றுப்பத்துப் பக்கம் எழுதி நிலைநாட்டியவரும் நம் தலைவியே.

களம் எதுவெனில், ஆய்வுக்கூடத்து நீரோட்டத் தொட்டி. மோட்டார் முழங்க, மூடிய குழாய்க்குள் வெள்ளம் பாயும். அதை எதிர்த்து மீன் நின்ற இடத்திலேயே நீந்தும். அது உறிஞ்சும் ஆக்சிஜனை மானி அளக்கும். வேண்டியது பத்தே நிமிட நீச்சல். ஒன்பது மீன்களை அளந்தாயிற்று. பத்தாவது இல்லையேல் ஒன்பதும் வீண். அனுமதிச் சீட்டின் ஆணைப்படி, மாலை நான்கு மணிக்கு இம்மீனைக் கடலில் விட்டாக வேண்டும். அப்போது மணி இரண்டரை.

சூரையோ நீந்தவில்லை. பின்புற வலைத்தடுப்பில் வாலைச் சாய்த்து, வாயை அகலத் திறந்து, அசையாது கிடந்தது. வெகுண்டார் வீராங்கனை! வேகத்தைக் கூட்டினார், விளக்கை அணைத்தார், ஏற்றினார், கருப்புத் துணியை நிழலாக வீசினார், மரக்கட்டையால் தொட்டியின் விளிம்பை முரசறைந்தார். மலை குலுங்கியிருக்கும், மதில் சரிந்திருக்கும். மீன் மட்டும் ஒரு கண்ணால் அவரை நோக்கி, மறுகண்ணால் நோக்கத் தேவையில்லை என முடிவு செய்ததுபோல் கிடந்தது.

மூன்றே கால் மணிக்கு, புகைப்படம் எடுத்துக்கொள்ளும் புனிதக் கடமை உந்த, ஆய்வுக்கூட இயக்குநர் எழுந்தருளினார். பார்த்தார். இரக்கத்தோடு தலையசைத்தார்.

"என்னம்மா, கடல்லயே வேகமான மீனுன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கெழம எங்க மச்சான் சோபால கெடக்குற மாதிரில்ல கெடக்கு."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடி அமர்ந்தார். தலைவியின் காது சிவந்தது. மூன்றாண்டு உழைப்பு, வலைத்தடுப்பில் வால் சாய்த்து வாய் பிளந்து கிடந்தது.

அப்போது எழுந்ததொரு குரல்! மேடை ஏறாத குரல், பட்டம் பெறாத குரல், பதினாறாண்டாக அந்த மோட்டாருக்கு எண்ணெய் விட்ட குரல். மோட்டார் அண்ணன் என்று அனைவரும் அழைக்கும் அவர், கைத்துணியில் விரல் துடைத்தபடி, மெல்ல வாய் திறந்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லவா? தண்ணிய நாமதானே ஓட விடுறோம். வாயத் தொறந்து வச்சா மூச்சு தானா வந்து சேருது. அப்புறம் அது எதுக்கு நீந்தணும்?"

இடி இறங்கியது! நூற்றுப்பத்துப் பக்கமும் ஒரு கணத்தில் நனைந்தன. ஓடினால்தான் மூச்சு என்று உலகுக்குரைத்தவர், மீன் ஓடுவதற்குப் பதில் தண்ணீரையே ஓடவிட்டு, மூச்சை வாயில் ஊட்டிக்கொண்டல்லவா இருந்தார்! ஓடும் நீர் ஊட்டும் இடமறிந்து சாய்ந்து கிடக்கும் இவ்வித்தையைச் சூரை எங்கே பயின்றதோ அறியோம். இயக்குநர் அறையில் அது பல்லாண்டாக நடைமுறையில் உள்ளது.

"நிறுத்துங்க அண்ணா. மோட்டார முழுசா நிறுத்துங்க" என்றார் தலைவி.

வெள்ளம் அடங்கியது. தொட்டி குளமாயிற்று. ஊட்டுவார் இன்றி ஒரு நொடி திகைத்த சூரை, மறு நொடி வலையை உதறி எழுந்தது! பிறைவால் துடித்தது, வெள்ளி விலா மின்னியது, முன்கண்ணாடியை அது முட்டுமுன், அண்ணன் விரல்நுனியால் விசையைத் திருப்ப, நீர் மெல்லப் பெருக, பெருகிய நீரை மீன் எதிர்க்க, எதிர்த்த வேகத்துக்கு நீர் ஈடுகொடுக்க, உழைத்து உண்ணும் உயிரின் அழகை அந்த அறை அன்று கண்டது! மானியின் முள் எழுந்தது. தலைவியின் பேனா பறந்தது. நிமிடம் ஒன்று, நான்கு, ஏழு, பத்து! ஈராயிரம் யானைகளை வென்றாற்போல் அவர் ஈரத்தரையில் அமர்ந்தார். நான்கடிக்கச் சில நொடி இருக்க, அண்ணனும் அவரும் தூக்கிச் சென்று கரையோர நீரில் இறக்கிய துணித் தொட்டிலிலிருந்து சூரை கடலுள் பாய்ந்து மறைந்தது. பத்தாம் அளவு கைக்கு வந்தது. மூன்றாண்டுத் தவம் முழுமையுற்றது. இனி அவர் பெயரைக் காற்று சுமக்கும், கடல் சுமக்கும், காலம் சுமக்கும்!

கட்டுரை வெளிவந்தபோது இயக்குநரின் பெயர் முதலில் இருந்தது.