எல்லாரையும் மன்னித்தாயிற்று, அண்ணன் மட்டும் பாக்கி

கர்த்தருக்குள் அன்பான மைத்துனரும் எங்கள் சபைப் போதகருமான தம்பிக்கு, அத்தான் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. தேவ கிருபையால் உங்கள் அக்காவும் நானும் சுகம். ஆளுக்கொரு அறையில் சுகம்.

மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு ஒப்புரவான பிறகே காணிக்கை போட வேண்டும் என்று நீங்கள் பிரசங்கித்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வழக்கம்போல் கேட்டு, வழக்கம்போல் மறந்திருப்போம். "இந்த வாரமே போங்க" என்று கெடு வைத்தீர்களே, அதுதான் வினையாகிவிட்டது. என் அண்ணனும் நானும் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என் மகள் கல்யாண விருந்தில் ஜெபிக்க எழுந்தவர் ஆதாமில் ஆரம்பித்து, சோறு ஆறி, குழந்தைகள் அழுது, இன்னும் மோசேயைத் தாண்டாமல் நின்றபோது நான் உரக்க "ஆமென்" என்றேன். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை எப்படிப் போய்ப் பார்ப்பது?

ஆகவே, சுலபமான இடங்களில் ஆரம்பித்தேன். பாடகர் குழுத் தலைவரிடம் போய், "உங்க மேல இருந்த கசப்பையெல்லாம் விட்டுட்டேன்" என்றேன். "என்ன கசப்பு?" என்றார். பொய் சொல்லக்கூடாதே என்று அவர் குரலைப் பற்றி விவரமாகச் சொன்னேன். குழுவை விட்டு விலகிவிட்டார். அடுத்து ஞாயிறு பள்ளி ஆசிரியை வீடு. உங்கள் பிரசங்கத்தின்போது அவர் கணவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணை மூடித் தியானிக்கிறார் என்றே அந்த அம்மாள் இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தாராம். உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அக்கா, "தெருத்தெருவா மன்னிப்பு, கூடப்பிறந்தவர் வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையோ? அங்க போயிட்டு வந்து எங்கிட்ட பேசுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். அவர் கதவைத் திறக்காவிட்டால் நான் எங்கே போவேன்? தயவுசெய்து அந்தப் பிரசங்கத்தை வாபஸ் வாங்குங்கள். வானம், பூமி, படைப்பு என்று பேசுங்கள். அதனால் யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்காது.

உங்கள் வீட்டாருக்கு ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் நாவைக் காப்பாராக.

இப்படிக்கு,
ஒப்புரவாகிக் களைத்த அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வாசலில் அண்ணன். நான் திக்கித் திணறி ஆமெனுக்கு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு யாருடா கோவிச்சா? எப்படி முடிக்கிறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருந்தேன், நீதான் காப்பாத்துன. அதுக்கப்புறம் என்னைத் தேடி வரவே இல்லையேடா, அதான்" என்றார். அழுதுவிட்டேன், தம்பி. பிரசங்கம் அப்படியே இருக்கட்டும். பாடகர் குழுத் தலைவருக்கு ஆறுதல் சொல்ல நாளை நாங்கள் இருவருமாகப் போகிறோம். அவருக்கு முன்கூட்டித் தெரிவித்துவிடாதீர்கள்.