காதைத் தொட்டால் ஆதரவு

ஓட்டெடுப்பு தொடங்கிய நேரம் பார்த்தா டெல்மர் க்ரூகருக்கு மூக்கு அரிக்க வேண்டும்!

மனுஷன் பன்னிரண்டு வருஷம் பேஸ்பாலில், வீசுகிற பந்தைப் பிடிக்கும் கேட்சராகக் குந்திக் கிடந்தவர். பந்து வீசுகிறவனிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாம் விரல் ஜாடைதான். மாநிலச் சட்டசபைக்கு வந்து கட்சிக் கொறடா ஆன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. காதைத் தொட்டால் ஆதரவு, மூக்கைத் தொட்டால் எதிர்ப்பு. அவருடைய ஆட்கள் மசோதாவைப் படிப்பதே கிடையாது. அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்றைக்கு வந்திருப்பது அவர் ஊருக்கான பாலம். போன வசந்தத்தில் மிசூரி ஆற்றில் படகு கவிழ்ந்து செத்தவர்களில் அவருடைய அக்கா மகனும் ஒருவன். பாலம் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று அக்கா ஹுல்டாவிடம் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

சபைக் குமாஸ்தா எழுத்து வரிசைப்படி பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். க்ரூகர் பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஒரே ஒரு தடவை சொறிந்தார்.

"எதிர்ப்பு," என்றார் ஆல்ட்ரிச். அடுத்திருந்த பார்லோவும் அதையே சொன்னார்.

க்ரூகர், சனியன் பிடித்த மூக்கே வேண்டாமென்று கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். ஜாடை வராததால் அடுத்த இரண்டு பேர் திருதிருவென்று விழித்துவிட்டு ஓட்டே போடவில்லை.

பின் வரிசை விவசாயி ஸ்டப்ஸ் குனிந்து, "தலைவரே, பாலம் வேணுமா, வேண்டாமா?" என்று கிசுகிசுத்தார்.

ஓட்டெடுப்பின்போது பேசக்கூடாது என்பது சபை விதி. க்ரூகர் துள்ளி எழுந்து, இரண்டு காதையும் பிய்ந்துவிடும்போல இழுத்தார். வரிசை வரிசையாகத் திரும்பி இழுத்தார். சபாநாயகர் சுத்தியலால் தட்டியதும் குமாஸ்தா கத்தியதும் அவருக்கு உறைக்கவே இல்லை. மீதிப் பேர் மளமளவென்று "ஆதரவு" என்று சொல்லி முடித்தார்கள்.

நாற்பத்தாறுக்கு நாற்பத்தாறு. சமமானால் மசோதா தோற்றது.

சபை காலியானது. க்ரூகர் வீங்கிய காதுகளோடு உட்கார்ந்து அழுதார். இனி அக்கா முகத்தில் எப்படி விழிப்பார்? கண்ணைத் துடைத்துக்கொண்டு குமாஸ்தாவின் மேஜைக்குப் போனார்.

"நம்ம ஆளுங்க அம்பத்தொண்ணு. ரெண்டு பேரு எதிர்த்தாங்க, ரெண்டு பேரு முழிச்சாங்க, அது என் பாவம். மீதி நாப்பத்தேழு வந்திருக்கணுமே. ஓட்டுப் போடாத அந்த இன்னொரு பாவி யாருய்யா?"

குமாஸ்தா தாளை மடித்து வைத்தார்.

"உங்க பேரை மூணு தடவை கூப்பிட்டேன் ஐயா. காதை இழுத்தீங்களே தவிர, வாயைத் திறக்கலையே."