ஆறு பெட்டிகளும் அவிழ்ந்த செய்தி

லவுத்தோக்கா
14-8-1988

அன்புத் தங்கை மோகினிக்கு அண்ணன் பல்ராம் எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளை மகேந்திராவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். நாங்கள் நலம். சிட்னிக் குளிரில் உங்கள் கைகால் விறைக்காமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போன வருஷம் இந்தத் தீவில் பட்டாளத்தார் ஆட்சியைப் பிடித்ததும் நீங்கள் சிட்னிக்குக் கிளம்பினீர்கள். எனக்கும் ஒரு மாதத்தில் விசா வந்துவிடும் என்று நம்பி, வீட்டையே ஆறு மரப்பெட்டிகளில் கட்டிப்போட்டேன். வருஷம் ஒன்றாகியும் வரவில்லை. தட்டெல்லாம் பெட்டிக்குள், நாங்கள் சாப்பிடுவது சட்டி மூடியில். நாற்காலிகளைக் கோயிலுக்குக் கொடுத்தேன். ரேடியோவைப் பக்கத்து வீட்டு செரூவுக்குக் கொடுத்துவிட்டு, தினமும் அவர் வீட்டுக்கே போய்ச் செய்தி கேட்கிறேன். கிளம்பப்போகிறோமே என்று கத்தரி நாற்றுகூட நடவில்லை. காயும் அவர் கொடுப்பதுதான். உன் அண்ணி சரோஜ் எதைக் கேட்டாலும் "அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்பேன். தலைவலி மாத்திரை கேட்டப்போகூட அதையே சொன்னேனாம்.

இப்படி இருக்கையில, போன ஞாயித்துக்கிழமை நம்ம மக அஞ்சீதாவைப் பொண்ணு பார்க்க சிகடோகாவிலேர்ந்து வந்துட்டாங்க. பையன் விநீல், பள்ளிக்கூட வாத்தியார். உட்கார ஆளுக்கொரு பெட்டியைக் காட்டினேன். பையனோட அம்மா பொன்னம்மா, பெட்டி மேல எழுதியிருந்த சிட்னி விலாசத்தைப் படிச்சுட்டு, நீங்க இருக்கப்போறவங்களா, போகப்போறவங்களான்னு கேட்டாங்க. நான் விசா, மனு, மருத்துவச் சோதனைன்னு அரைமணி நேரம் விளக்கினேன். அவங்க முகம் சுருங்கிப்போச்சு. எழுந்திரிக்கப் பார்த்தாங்க. கதவோரம் அஞ்சீதா தலையைக் குனிஞ்சு நின்னா.

அப்போ சரோஜ் கரும்பு வெட்டுற கத்தியோட வந்தா. எனக்குப் பாதி உயிர் போச்சு. நேரா பொன்னம்மாகிட்ட போய், "கொஞ்சம் எழுந்திரிங்கம்மா, தட்டு எடுக்கணும்"னு சொல்லிப் பெட்டிக் கயித்தை அறுத்தா. "நாளைக்கு எங்க இருப்போம்னு எனக்குத் தெரியாது. இன்னிக்கு இங்க இருக்கோம். சோறு சூடா இருக்கு, சாப்பிட்டுப் போங்க."

பொன்னம்மா சிரிச்சுட்டாங்க. அவங்களே தரையில உட்கார்ந்து தட்டைத் துடைச்சாங்க. மோர் ஊத்துறதுக்குள்ள, தீபாவளி கழிச்சுக் கல்யாணம்னு முடிவாயிடுச்சு. சாயங்காலமே ஆறு பெட்டியும் பிரிச்சாச்சு. கட்டில் போட்டாச்சு, கத்தரி நட்டாச்சு. இனிமே எனக்கு எந்த மனுவும் அனுப்பாதே. அன்னன்னிக்கு உள்ளதைப் பார்ப்பேன். உன் அண்ணன் ஒருவழியா மனுஷனாயிட்டான்.

குழந்தைகளை இந்த மாமா உச்சி முகர்ந்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
அண்ணன் பல்ராம்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கக் கிளம்பினேன், பொன்னம்மா ஆள் அனுப்பியிருக்காங்க. விநீலுக்கு ஆக்லாந்துல வேலை கிடைச்சிருக்காம். பொண்ணைப் பெத்தவங்களையும் பின்னாடி கூப்பிட்டுக்கலாமாம். அங்க ஒரு சுவெட்டர் போதுமா, ரெண்டு வேணுமா? அண்ணிக்குத் தெரியாம பதில் எழுது.