ஹால் சுவரின் நிறம்

லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் செல்போன், ஐந்து மாடிக்குக் கீழே இருந்த குழியில் 'டிங்' என்று சத்தம் போட்டது.

"வந்துருச்சு பாருங்க, சார்," என்றாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண். வந்தது அவருடைய மின்னஞ்சலைத் திறப்பதற்கான ஆறு இலக்க எண். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த எண் போனுக்குத்தான் போகும், போனோ குழியில்.

தப்பு அவருடையதுதான். தலைமை இன்ஸ்பெக்டர் பதவிக்கான நேர்காணலுக்கு வந்தவர், வந்த வேலையைப் பார்க்காமல், இந்தக் கட்டடத்து லிஃப்ட் கதவுக்கும் தரைக்கும் நடுவே எத்தனை விரற்கடை இடைவெளி என்று குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்த போன் போய் அளந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. சாவி வைத்திருக்கும் ஆள் நாளைக்குத்தான் வருவாராம். அனுமதியில்லாமல் குழியில் இறங்குகிறவர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பதே இவருடைய பிழைப்பு என்பதால் தானாக இறங்கவும் வழியில்லை.

போன் போனதோடு விட்டதா என்றால் இல்லை. பயிற்சிச் சான்றிதழை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நாலு மணிக்குள் அது வராவிட்டால் நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஒன்பது வருடமாகக் காத்திருந்த பதவி. இப்போது மணி பதினொன்று.

வரவேற்புப் பெண் தன் கம்ப்யூட்டரையே கொடுத்தாள். புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டாக்கி, அன்று விடுப்பில் வீட்டிலிருந்த மனைவிக்குத் தட்டினார்: 'அவசரம். நான்தான். போன் தொலைந்துவிட்டது. என் சான்றிதழை உடனே இந்த முகவரிக்கு அனுப்பு. நேரமில்லை.'

அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மனைவி போன வாரம்தான் அவள் ஆபீசில் மின்னஞ்சல் மோசடி பற்றி இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தாள். புது முகவரி, அவசரம், தொலைந்த போன், ஆவணம் கேட்பது என்று வகுப்பில் எதையெதைப் பார்த்தால் நம்பாதே என்றார்களோ, அத்தனையையும் இவர் நாலே வரியில் எழுதியிருந்தார்.

பதில் உடனே வந்தது. 'ஐயா, நீங்கள் என் கணவர் என்பதற்கு என்ன ஆதாரம்? எங்கள் திருமண நாள் எது?'

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் உள்ள அறுநூற்றுச் சொச்சம் லிஃப்டும் எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். துணிக்கடை லிஃப்டைத் திறந்த வாரத்தில்தான் கல்யாணம். அப்படியானால் பதினாலு. தட்டிவிட்டார்.

'தவறு,' என்று வந்தது. 'அது ஏதோ லிஃப்டின் தேதியாக இருக்கும். அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவும்.'

காத்திருக்க அவரால் முடியவில்லை. வரவேற்புப் பெண்ணின் போனை இரவல் வாங்கி மனைவியைக் கூப்பிட்டார். குரலைக் கேட்டால் தெரியாதா?

"குரலைக்கூட இப்பல்லாம் அப்படியே செய்யறாங்களாம்," என்றாள் மனைவி நிதானமாக. "கேள்விக்கு மெயில்ல பதில் எழுதுங்க, சார்." வைத்துவிட்டாள். கட்டிய புருஷனை சார் என்று சொன்னதில் அவருக்கு வேர்த்துவிட்டது.

சரி, முகத்தைக் காட்டுவோம் என்று வரவேற்புப் பெண்ணிடம் ஒரு படம் எடுக்கச் சொல்லி, அதை அனுப்பினார். பதில் வந்தது: 'இந்தப் படத்தில் இருப்பவர் சிரிக்கிறார். என் கணவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. சந்தேகம் கூடுகிறது. எங்கள் ஹால் சுவர் என்ன நிறம்?'

"வெள்ளைதானே?" என்று அவர் வரவேற்புப் பெண்ணையே கேட்டார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று அவள் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், இருமல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளை என்று எழுதினார். 'மஞ்சள். பெயிண்ட் அடித்து ஏழு மாதம் ஆகிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரே நீங்கள்தான், அதாவது என் கணவர். மூன்றாவது கேள்வி: என் அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?'

இது சுலபம். மாமியார் போன மாதமே ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டார். வீடு கூட அமைதியாக இருக்கிறதே. அமைதி பற்றியும் ஒரு வரி சேர்த்தே அனுப்பினார்.

'அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் பதிலைப் படித்துக்கொண்டிருக்கிறார். பல்வலியால் ஒரு மாதமாகப் பேசவில்லை, அவ்வளவுதான்.'

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மகள் எத்தனையாவது வகுப்பு, மனைவி கண்ணாடி போட ஆரம்பித்து எத்தனை வருடம், காலையில் காப்பிக்குச் சர்க்கரை போடுகிறாளா இல்லையா. ஒன்றுகூடத் தேறவில்லை. மணி மூன்றே முக்காலைத் தாண்டியது. சான்றிதழ் சரிபார்க்கும் அறைக்குள் கடைசி ஆளும் போய்விட்டார்.

"இன்னும் நேரம் இருக்கு, சார். பதட்டப்படாதீங்க," என்று வரவேற்புப் பெண் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் தேநீரைத் தொடவில்லை. பதவி போவது ஒரு பக்கம். இத்தனை வருடம் எந்த வீட்டில் குடியிருந்தோம் என்பதே தெரியவில்லையே என்பது அதைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது. கடைசியாக ஒன்று எழுதினார்.

'நான்தான் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. சான்றிதழ் வேண்டாம். பதவி போனால் போகட்டும். இன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்தச் சுவரைப் பார்க்கிறேன். பிறகு உன் கண்ணாடியை. அத்தையிடம் பல்வலி எப்படி என்று கேட்கிறேன்.'

ஒரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'நன்றி. கேள்விகள் முடிந்தன.'

அவ்வளவுதான். ஒரு இணைப்பும் இல்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? உள்ள உங்களைத்தான் கூப்பிடறாங்க," என்றாள் வரவேற்புப் பெண். "நேர்காணல் கடிதத்துல இருக்கிற எங்க ஆபீஸ் முகவரிக்கு உங்க சான்றிதழ் பதினொன்னே காலுக்கே வந்தாச்சு, சார். கூடவே மேடம் எழுதியிருந்தாங்க: 'நாலு மணி வரைக்கும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. முதல் பதில் தப்பா வந்தப்பவே அவர்தான்னு தெரிஞ்சுபோச்சு. மத்த கேள்வியெல்லாம் நான் எனக்காகக் கேக்கறது.'"