பட்டியலில் பதினேழாம் எண்

வீர்சர், சைத்திர மாதம், சம்வத் 2004

சிரஞ்சீவி மைத்துனன் ஜடாசங்கருக்கு, வீர்சர் சமஸ்தானத்துத் திவான் (பழக்கத்தில் பேனா எழுதிவிட்டது, விட்டுவிடு), உன் அக்காள் புருஷன் லாபசங்கர் அநேக ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் அக்காளும் சௌக்கியம். நம் ராஜ்யம் மட்டும் போன திங்கட்கிழமையிலிருந்து இல்லை.

இருநூற்றுச் சொச்சம் ராஜ்யங்களைச் சேர்த்து ஒரே சௌராஷ்டிரமாக்கும்போது எங்கள் ஒன்பது கிராமத்துக்கு மட்டும் விலக்கா கிடைக்கும்? பாபு கோபப்படவில்லை. ராஜாவாகப் பிறந்தவர் இவ்வளவு அமைதியாக இருக்கிறாரே என்று எனக்குத்தான் பயம். எது சர்க்காருக்கு, எது தமக்கு என்று சொத்துப் பட்டியல் கொடுக்கச் சொல்லி ராஜ்கோட்டிலிருந்து கடிதம் வந்ததும், "இதை நானே எழுதிக்கறேன் லாபுபாய், நீங்க பாக்க வேண்டாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கையெழுத்தைத் தவிர வேறெதையும் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை மன்கட் என்ற அதிகாரி கதர்க் குல்லாயும் பஸ் புழுதியுமாக வந்து சேர்ந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. முதலில் சிறைச்சாலையை ஒப்படைக்கச் சொன்னார். கைதி இல்லாததால் அதில் சோளம் கொட்டியிருந்தோம். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு பீரங்கியைப் பார்த்து, உள்ளே குருவி முட்டையிட்டிருப்பதையும் குறித்துக்கொண்டு, சபையில் உட்கார்ந்து, பாபு தமக்கென்று எழுதிய பட்டியலை உரக்கப் படித்தார். அரண்மனை, மாந்தோப்பு, கிராமபோன், பதினாறாவதாக மாணகி என்ற பெண் குதிரை. பதினேழு, லாபசங்கர் ஜானி. அதோடு நிறுத்தி, "இதுவும் குதிரையா?" என்று கேட்டார். நான்தான் அது என்று சொன்னேன்.

மனிதர்களைச் சொத்தாகக் காட்ட முடியாது, சமஸ்தானத்துச் சிப்பந்திகள் எல்லோரும் இனிமேல் சர்க்கார் சிப்பந்திகள் என்று மன்கட் பொறுமையாக விளக்கினார். பாபு யோசித்துவிட்டு, "அப்ப அரண்மனையை எடுத்துக்குங்க. இவரை விட்டுடுங்க" என்றார்.

"அரண்மனையை யாரும் கேக்கலையே, பாபு."

"இவரை மட்டும் கேக்கறீங்களே."

மன்கட் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அன்று கையெழுத்தாகாவிட்டால் தாவா மேலே போகும், அது தீரும்வரை வீடும் தோப்பும் முடங்கிக் கிடக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அரண்மனைக்கும் மேலாக என்னை வைத்தாரே என்று மனம் இளகப் பார்த்தது. குதிரைக்கு அடுத்தபடியாகத்தான் நான் என்று நினைத்ததும் கொஞ்சம் தெளிந்தது. பேனாவை வாங்கி என் பெயரை நானே அடித்தேன். "நான் சொத்தாயிருந்தா எனக்குப் பென்ஷன் கிடையாது, பாபு" என்றேன். அவர், "அதை யாரும் எனக்குச் சொல்லலையே" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு மாடிக்குப் போனவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

என்னை ராஜ்கோட்டுக்கு மாற்றுவார்கள் என்கிறார் மன்கட். ஆகவே உன் ஊரில் எங்களுக்கு ஒரு வீடு பார். உன் அக்காளுக்கு மாடி ஆகாது, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் கேராசர் சமஸ்தானத்துக்காரர்கள் வேண்டாம். போன வாரம் வரைக்கும் அவர்கள் நமக்கு அந்நிய நாடு, திடீரென்று எப்படி மோர் கடன் கேட்பது?

குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோரும் நோய்நொடியில்லாமல் புதிய ராஜ்யத்தில் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
லாபசங்கர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது, வீடு பார்க்க வேண்டாம். தாலுகா கச்சேரி வீர்சரிலேயே, அரண்மனையின் கீழ்த்தளத்தில் திறந்தாயிற்று. என்னைத்தான் அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். இன்று காலை பாபுவே முதல் மனுதாரராகப் படியிறங்கி வந்து, "உட்காரலாமா?" என்று கேட்டார். நான் எழுந்துவிட்டேன், அவரும் உட்காரவில்லை, இருவரும் வெகுநேரம் நின்றோம். லாபசங்கர் ஜானியை வெளியூருக்கு மாற்றக் கூடாது என்பது அவர் மனு. மனு எழுத அவருக்குத் தெரியாததால் நானே எழுதி, அவர் கையெழுத்தை வாங்கி, முத்திரை குத்தி, பரிசீலித்துத் தெரிவிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். நாளைக்குத்தான் பரிசீலிக்க வேண்டும்.