நிலைப்படியில் ஒரு கால்

டீட்சே மறுபடியும் கதவைத் தட்டியபோது, கியென் உட்புறமிருந்து அதைத் தோளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கியென், உங்க வீட்டுத் தண்ணி என் சமையல்கட்டுக் கூரையில சொட்டுது. கதவத் தொறங்க. குழாயப் பாத்துட்டுப் போயிடுறேன்."

"இன்னைக்கு முடியாதுங்க டீட்சே சார். இன்னைக்குப் புத்தாண்டு."

"அது போன மாசமே முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சது உங்களோடது."

டீட்சே, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த அந்தக் குடியிருப்பின் பராமரிப்பாளர். கியெனுக்கு நேர் கீழ்வீட்டில் வசிப்பவர். பருத்த உடலும் நீலத் தொப்பியும் உடையவர். எவருக்கும் தீங்கு நினையாதவர். ஆயினும் இவ்வுலகத்து மாந்தர் அனைவரிலும், இன்று இந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாதவர் அவர் ஒருவரே.

வியட்நாமியப் புத்தாண்டின் முதல் நாளில் வெளியிலிருந்து எவர் முதலில் வாசற்படி தாண்டி வருகிறாரோ, அவருடைய பிறந்த ஆண்டும் ராசியுமே ஆண்டு முழுவதும் அந்த வீட்டை ஆளும். சென்ற ஆண்டு, விடிந்ததும் வெப்பக் குழாயைப் பார்க்க வந்த டீட்சே, எவரும் தடுக்குமுன் கூடத்தின் நடுவே வந்து நின்றுவிட்டார். பதறிப்போன கியென், ஒரு வாய்த் தேநீரும் கொடாமல், "பசியோட இருப்பீங்க சார், லோக் அண்ணன் கடையில சூப் பிரமாதமா இருக்கும், இப்பவே போங்க" என்று முதுகில் கைவைத்து அனுப்பிவிட்டார். ஆனாலும் பட்ட காலடி பட்டதுதான். பனி கரையுமுன் மனைவி லுவான் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். கோடையில் அவர்களுடைய பூக்கடைக்கு எதிரே சாலையைத் தோண்டியவர்கள், மூட மனமின்றிப் போய்விட்டார்கள். மகள் தாவின் திருமணப் பேச்சு முறிந்தது.

"இந்த வருஷமும் இப்படியே போனா, கடைய மூடிட்டு என் தம்பி கடையில சம்பளத்துக்கு நிக்க வேண்டியதுதான்" என்று லுவான் சொல்லிவிட்டாள். மைத்துனன் கைதட்டிக் கூப்பிட, தாம் ரோஜாக்களுக்கு முள் சீவிக்கொண்டு நிற்கும் காட்சி, கியெனின் உறக்கத்தைக் கெடுத்து நாளாயிற்று.

ஆகவே இவ்வாண்டு முதற்காலடி வைக்க லோக்கையே வேண்டி அழைத்திருந்தார். உணவகம் நடத்தும் லோக்குக்குச் சென்ற ஆண்டு பொன்மாரி பொழிந்தது. இரண்டாவது கடை, இரட்டைப் பேரப்பிள்ளைகள், அவற்றுக்குரிய ஊரார் பொறாமை எல்லாம் குறைவறக் கிடைத்தன. விடிந்ததும் வருவதாகச் சொன்ன அவரை இன்னும் காணவில்லை. குழாய்க் கசிவு மட்டும் சொல்லாமலே வந்துவிட்டது.

கியென் கைபேசியை எடுத்தார். "அண்ணே, எங்க இருக்கீங்க?"

"இந்தா வந்துட்டேன் கியென். ஒருத்தரப் புடிக்கணும், ஆளு சிக்க மாட்டேங்குறாரு. என் கடையவே நான் இன்னும் தொறக்கல."

"சீக்கிரம்ணே. வீடு மிதக்குது."

"மிதக்கட்டும்யா. புது வருஷத்துல தண்ணி வந்தா நல்லதுதான்."

வெளியே டீட்சே பெருமூச்சு விட்டார். "சரி, நீங்களே பாருங்க. சமையல்கட்டுத் தொட்டிக்கு அடியில ஒரு திருகு இருக்கும். வலது பக்கமா மெதுவாத் திருப்புங்க. முரட்டுத்தனம் வேண்டாம்."

கியென் தொட்டியின் அடியில் மல்லாந்து படுத்தார். மல்லாந்தவனுக்கு வலம் எது, இடம் எது என்ற ஐயம் எழுந்தது. நெடுங்காலம் பூங்கம்பிகளை முறுக்கித் தேர்ந்த விரல்கள் அந்த ஐயத்தைத் தாமே தீர்த்துவைத்தன. அதுவரை சொட்டிய நீர், அருவியாயிற்று.

"என்ன சத்தம்?" என்றார் டீட்சே.

"திருகு கையோட வந்துடுச்சு சார்."

"எந்தத் திருகு?"

"அங்க எத்தனை இருந்துச்சு?"

டீட்சே கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார். "கீழ போய் மொத்தமா அடைக்கலாம். ஆனா கட்டடம் முழுக்கத் தண்ணி நின்னுடும். ஞாயித்துக்கிழமை காலைல குளிச்சிட்டு இருக்கிறவன் எல்லாம் சோப்போட வந்து என்னை உதைப்பான்."

தாவ் துடைப்பானைக் கொண்டுவந்து நீரை வாசற்பக்கம் தள்ள முனைந்தாள். லுவான் அதைப் பறித்துக்கொண்டாள்.

"முதல் நாள் வீட்டப் பெருக்குவாங்களாடி? இருக்கிற செல்வத்தையும் வெளிய தள்ளப் பாக்குறியா?"

"அம்மா, இது செல்வம் இல்ல. குழாத் தண்ணி."

"உள்ள வந்தது எதுவா இருந்தாலும் இன்னைக்கு வெளிய போகக் கூடாது."

ஆதலால் புத்தாண்டுக்காக வாளிகளில் வைத்திருந்த பீச் மலர்க் கிளைகளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, அந்த வாளிகளில் நீரை ஏந்தினார்கள். வாளிகள் நிறைந்தன. துண்டுகளை நனைத்துக் குளியல் தொட்டியில் பிழிந்தார்கள். வடிகால் வழியே போனாலும் போனதுதானே என்று லுவான் தொட்டியையும் அடைத்து வைத்திருந்தாள். சற்றைக்கெல்லாம் குளியலறையும் தன் பங்கைக் கூடத்துக்கு அனுப்பத் தொடங்கிற்று.

கீழே போய்ப் பார்த்துவிட்டு டீட்சே திரும்பி வந்தார். அவர் குரலில் பழைய கனிவு இல்லை.

"என் ரொட்டி நனைஞ்சு போச்சு. பரவால்ல. இப்ப விளக்குலேர்ந்து தண்ணி வருது. தீயணைப்பு ஆளுங்களக் கூப்பிடப் போறேன். அவங்க உங்கள மாதிரி கதவு பக்கத்துல நின்னு பேசிட்டிருக்க மாட்டாங்க. உடைச்சிட்டு ஆறு பேரா உள்ள வருவாங்க."

கியென் மனைவியைப் பார்த்தார். ஆறு பேர், பன்னிரண்டு காலணிகள், ஒருவருக்கும் பிறந்த ஆண்டு தெரியாது.

"அப்பா, டீட்சே சார் கால் தரையில படலன்னா கணக்கு இல்லதானே?" என்றாள் தாவ்.

லுவான் ஆழ்ந்து சிந்தித்தாள். "காலடின்னுதான் பெரியவங்க சொல்லிருக்காங்க. கால் படலன்னா காலடி இல்ல."

கியென் கதவைத் திறந்தார். "டீட்சே சார், என் முதுகுல ஏறிக்குங்க."

"என்னது?"

"நான் தூக்கிட்டுப் போயிச் சமையல்கட்டு மேடையில உக்கார வைக்கிறேன். நீங்க அங்கேருந்தே வேலையப் பாருங்க. கால மட்டும் கீழ வைக்காதீங்க."

"நான் எவ்வளவு எடைன்னு தெரியுமா?"

"நல்ல நாளும் அதுவுமா எடையப் பத்திப் பேசக் கூடாது."

கியென் வெளியே அடியெடுத்து வைத்தார். "நில்லுங்க" என்றாள் லுவான். "ரெண்டு காலும் வெளிய போச்சுன்னா, திரும்ப உள்ள வர்ற மொத ஆளு நீங்களா ஆயிடுவீங்க. உங்க பிறந்த வருஷத்துக்கு இந்த வருஷம் ஆகவே ஆகாது."

ஆகவே கியென் ஒரு காலை உள்ளும் ஒரு காலை வெளியும் வைத்துக் குனிந்து நின்றார். டீட்சே கருவிப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கதவுச் சட்டத்தைப் பற்றி, அவர் முதுகில் ஏறினார். குன்றைக் குடையாய் எடுத்தவனுக்கும் அவ்வளவு பாரம் இருந்திராது. கியெனின் இடுப்பில் ஏதோ ஒன்று நொடித்தது. அதன்பின் அவரால் உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை.

"ஏங்க, நகருங்க" என்றாள் லுவான்.

"நகர முடிஞ்சா நகர மாட்டேனா?"

அப்போது படிக்கட்டில் மூச்சிரைப்பு கேட்டது. கையில் புத்தாண்டுக் காசு வைத்த சிவப்பு உறைகளோடு லோக் ஏறி வந்துகொண்டிருந்தார். கியெனின் கண்கள் பனித்தன.

"அண்ணே, தெய்வம் மாதிரி வந்தீங்க. அப்படியே எங்களத் தாண்டி உள்ள போயிடுங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

லோக் தாண்டவில்லை. கடைசிப் படியிலேயே நின்று, கியெனின் தலைக்குமேல் தெரிந்த நீலத் தொப்பியை இமையாமல் பார்த்தார். பிறகு தம் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, டீட்சேயை நோக்கித் தலை வணங்கினார்.

"போன புத்தாண்டுக்கு என் கடைக்குள்ள மொதல்ல கால வச்ச மகராசன் இவருதான் கியென், பேரு தெரியாம காலைலேர்ந்து ஊரெல்லாம் தேடிட்டிருக்கேன், கொஞ்சம் இறக்கி விடுங்க, என் ரெண்டு கடையும் இவரு வரணும்னுதான் பூட்டிக் கிடக்கு."