ஜண்டா பாபு

முழு முட்டாளாக இருப்பதற்குக் கொஞ்சமாவது படிப்பு வேண்டும். ஒன்றும் தெரியாதவன் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வான். அரைகுறைக்கு அந்த வசதி கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் அப்படியொரு அரைகுறை திரிந்துகொண்டிருந்தது. நான்தான் அது.

துறைமுகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. கப்பல்கள் ஏற்றும் கொடிகளைப் பதிவேட்டில் எழுதவேண்டும். (எழுதுவது மட்டும்தான். அர்த்தம் சொல்ல வேறு ஆள் இருந்தார். இதை வீட்டில் சொல்லவில்லை.) மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருந்த என் மனைவி சரசுவை மரைன் ஹில் மேட்டில் நிறுத்திவைத்து, "மஞ்சக் கொடின்னா கப்பல்ல நோய் இல்ல, உள்ள வரலாம். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்டிருந்தா, 'இல்லை'ன்னு அர்த்தம்" என்று பாடம் நடத்துவேன். பாவம், கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு கேட்பாள்.

அந்த வருஷம் மெக்கானிக் வர்கீஸ், இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து, பழைய பம்ப்செட் எஞ்சின்களைப் பூட்டி, நாலு கோ-கார்ட் வண்டிகள் செய்தார். புரோத்ராபூரில் அறுப்பு முடிந்த வயலில் பந்தயம், மூன்று சுற்று. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். சைக்கிளைத் தவிர எதையாவது ஓட்டியிருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பந்தயத்துக்கு முன்னால் வர்கீஸ் எங்களைக் கூட்டி, "சுனோ பாய், ஜண்டா கா மத்லப்..." என்று கொடிகளின் அர்த்தத்தை விளக்க ஆரம்பித்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு வேறுபக்கம் பார்த்தேன். (மீசை என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.)

"என்னங்க, அவரு என்னமோ சொல்றாரே, கேளுங்க" என்றாள் சரசு.

"ஜண்டா என் டிபார்ட்மென்ட். நீ போய் நிழல்ல உக்காரு."

பச்சைக் கொடி அசைந்தது; கிளம்பினோம். இரண்டாவது சுற்றில், வளைவுக்கு முன்னால் ஒருவர் மஞ்சள் கொடியை ஆட்டினார். நோய் இல்லை, உள்ளே வா! ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். மற்ற இருவரும் வேகத்தைக் குறைத்தார்கள். கோழைகள் என்று முந்திப் போனேன். வளைவில், செயின் கழன்ற தன் வண்டியருகே குனிந்திருந்த நாலாவது போட்டிக்காரர் ராவ், என்னைக் கண்டதும் ஒரே பாய்ச்சலில் வாய்க்காலுக்குள் விழுந்தார்.

மூன்றாவது சுற்று முடியுமிடத்தில் வர்கீஸ் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடியை ஆட்டிக்கொண்டு நின்றார். கட்டம் என்றால் 'இல்லை'. என்ன இல்லை? பந்தயம் முடியவில்லை! கறுப்பு எதற்கு என்று ஒரு கணம் உறுத்தியது. நீலத் துணி கிடைத்திருக்காது என்று அதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று. போட்டிக்கு ஒருவரும் இல்லை. ஜனங்கள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். என்ன ஒரு வரவேற்பு! பதிலுக்கு நானும் ஒரு கையை ஆட்டினேன். மிச்சமிருந்த ஒற்றைக் கைக்கு வண்டி கட்டுப்படவில்லை. நேராகப் பந்தலுக்குள் புகுந்து, டீயும் லட்டும் வைத்திருந்த மேஜையைச் சாய்த்து நின்றது. அண்டா டீயும் என் மேலதிகாரியின் வெள்ளைப் பேன்ட்டில். நல்லவேளை, ஆறிப்போன டீ.

வர்கீஸ் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பாகல் ஹோ க்யா, பாபு? கட்டம் காட்டினா ரேஸ் கதம்! மஞ்ச காட்டினா ஆபத்து, மெல்ல போகணும், யாரையும் முந்தக் கூடாது!"

சரசு என் தலையிலிருந்த லட்டுத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தாள். "நான் இந்தி கேக்க ஆரம்பிச்சு ஒரு மாசம்தான் ஆகுது. எனக்கே புரிஞ்சுது" என்றாள்.

அடுத்த வாரம் என்னை ஜன்னலே இல்லாத ஸ்டேஷனரி ரூமுக்கு மாற்றினார்கள். ஊருக்குள் என் பெயரும் மாறிப்போனது: ஜண்டா பாபு.

பல வருஷம் கழித்து என் பெண்ணைப் பார்க்க மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள், நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பேட்டை முழுக்க என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், "அரே, ஜண்டா பாபு கா கர்!" என்று கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா உள்ளே வந்ததும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஜண்டான்னா கொடிதானே! கொடி பிடிச்சு ஜெயிலுக்குப் போன தியாகியா நீங்க? சொல்லவே இல்லையே!"

ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

காபியோடு வந்த சரசு, தம்ளர்களை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள்.

கல்யாணம் நடந்தது. இப்போது எந்த விசேஷம் என்றாலும் சம்பந்திதான் கதை சொல்கிறார். ராவ் வாய்க்காலில் பாயும் இடத்துக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவிலிருந்து குதித்தே காட்டுகிறார்.